டீச்சர் வீட்டு நாடகம்

கணவர் தவறி, மகளும் கல்யாணமாகிப் போனபின் ஆங்கில டீச்சரின் மாடி வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. ஏழாம் வகுப்புப் பாடத்தில் ஒரு நாடகம் வந்தது. பிள்ளைகளுக்கு உச்சரிப்பு பிடிபட வேண்டுமே என்று வியாபாரி, மனைவி, திருடன் எல்லோருக்கும் தானே குரல் மாற்றி வாசித்துப் பழகினார்.

மறுநாள் படிக்கட்டில் கீழ்வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார்.

"என்ன டீச்சர், நேத்து வீட்ல ஒரே கலகலப்பு! யாரு வந்திருந்தாங்க?"

"யாரும் வரலைங்க. நான்தான் பாடம் படிச்சேன்."

"அப்போ கத்துன அந்த ஆம்பளை?"

"அதுவும் நான்தான்."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

வகுப்பில் நாடகம் அமர்க்களமாக முடிந்தது. அடுத்தது இலக்கணம், அதற்குக் குரல் தேவையில்லை. அன்று மாலை வீடு பழையபடி ஓய்ந்து கிடந்தது. டீச்சர் இலக்கணத்தை மூடிவிட்டு, நடத்தி முடித்த நாடகத்தையே மறுபடியும் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.