பொழுது சாய்வதற்கு முன் சோறு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மேற்கொண்டு என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று விளக்குவதற்காகத் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். அப்போது நாங்கள் தென்னார்க்காடு மாவட்டம். கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். நான் என் மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன்.

எங்களுக்குச் செஞ்சிப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை வியாபாரம். நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. மகளுக்கு ஆசிரியர் பயிற்சி படிக்க ஆசை. மதிப்பெண்ணும் இருந்தது. ஆனால் பயிற்சிப் பள்ளி விழுப்புரத்தில். தினமும் போய்வர முடியாது, விடுதியில்தான் தங்க வேண்டும். அங்கே இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு என்று விசாரித்து வைத்திருந்தேன். அதோடு, பக்கத்து ஊரில் எங்கள் ஆட்களிலேயே ஒரு பெண் முந்தின வருஷம் அங்கே சேர்ந்து, மூன்று மாதத்தில் வயிற்று வலி என்று திரும்பிவிட்டாள். விழுப்புரம் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார்கள். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மகள் அழுதுகொண்டே இருந்ததால், ஒரு ஆறுதலுக்குத்தான் அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். விண்ணப்பம் கொடுக்க அந்த வாரம்தான் கெடு.

எங்கே போனாலும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். மண்டபத்தில் எட்டு மின்விசிறி, ஓடியவை மூன்று. ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பத்தாறு பேர், அதில் பெண் பிள்ளைகள் ஒன்பது. அதிகாரி அம்மா ஒரு மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். ஐ.டி.ஐ., நர்சிங், டைப்ரைட்டிங், வங்கித் தேர்வு எல்லாம் சொன்னார். கடைசியில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். நாற்பத்தாறு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னிடமும் ஒரு சந்தேகம் இருந்தது. விடுதியில் எத்தனை மணிக்குச் சோறு போடுவார்கள் என்று எழுந்து நின்று கேட்டால் மண்டபமே சிரித்திருக்கும்.

கூட்டம் முடிந்தது. தலைமையாசிரியர் அறையில் அதிகாரிக்குக் கேசரியும் காபியும் எடுத்து வைத்திருந்தார்கள். அவர் அங்கே போகவில்லை. ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, எல்லோரும் செருப்பு விட்டிருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். குனிந்து செருப்பு தேடுகிறவர்களிடம் ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்தார். உள்ளே ஊமையாக இருந்தவர்கள் அங்கே பேசினார்கள். கோட்டக்குப்பத்துப் பையன் ஒருவன் துபாய் வேலை பற்றித் தணிந்த குரலில் கேட்டான். போலியோவில் கால் சூம்பிய பிள்ளையின் அம்மா அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் முறை வந்தது. என்னைக் கேட்கவில்லை, மகளைத்தான் கேட்டார்.

"நீ என்னம்மா படிக்கப் போற?"

"டீச்சர் ட்ரெயினிங் மேடம். ஆனா அப்பா வேணாங்கறாரு."

"ஏனாம்?"

மகள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். "பொழுது சாஞ்சா நாங்க சாப்ட மாட்டோம் மேடம். ஹாஸ்டல்ல எட்டு மணிக்குத்தான் சோறாம்."

எனக்கு உடம்பு கூசிப் போயிற்று. "அது ஒண்ணுமில்லீங்க, தண்ணி ஒத்துக்காதுன்னுதான்..." என்று மழுப்பினேன்.

அவர் சிரிக்கவில்லை. அனுசரித்துப் போகலாமே என்றும் சொல்லவில்லை. "சோறு ஒண்ணுதான் தடையா ஐயா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நாளைக்கு விழுப்புரம் வந்துடுங்க. நானும் வர்றேன். நேர்லயே கேட்டுடலாம்."

மறுநாள் நானும் மகளும் போனபோது, சொன்னபடியே வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் விடுதி வார்டன் கடுகடுத்தார். "நூறு பொண்ணுங்களுக்கு ஒரு மணி அடிக்கிறோம். இந்தப் பொண்ணுக்கு மட்டும் சூரியனப் பாத்துத் தனியா அடிக்கணுமா?"

அதிகாரி வாதாடவில்லை. சமையல்கார அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, சாதம் எத்தனை மணிக்கு வடிப்பீர்கள் என்று கேட்டார்.

"அஞ்சு மணிக்கே வடிச்சு எறக்கிடுவேங்க. ஸ்டடி முடிஞ்சு புள்ளைங்க வர்ற வரைக்கும் மூடித்தான் கெடக்கும். மோர் மத்தியானமே கடைஞ்சிடுவேன்."

"செஞ்சிப் பக்கத்துலேந்து இதுக்கு முன்ன யாராவது தங்கிப் படிச்சிருக்காங்களா?"

வார்டன் யோசித்தார். "போன வருஷம் ஒண்ணு வந்துச்சு. சத்தமே வராது. வயித்து வலின்னு பாதியில போயிடுச்சு."

"அந்தப் பொண்ணாங்க?" என்றார் சமையல்கார அம்மா. "ராத்திரியில தட்டே எடுக்காதுங்க. பசிக்கலன்னு சொல்லிக்கினு புத்தகத்த எடுத்துக்கினு மாடிக்குப் போயிடும். ஊட்டு ஞாபகம்னு நெனச்சிக்கினேன்."

 பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கு வயிற்று வலி வந்தது தண்ணீரால் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் இப்போது எங்கே என்று அதிகாரி என்னைக் கேட்டார். கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

 வார்டன் சமையல்கார அம்மாவிடம், "இந்தப் பொண்ணு ஸ்டடிக்குப் போறதுக்கு முன்ன, அஞ்சே காலுக்கு ஒரு தட்டு வச்சிடு" என்றார். என் மகள் பக்கம் திரும்பி, "வேற எதுனா வேணும்னா வாயத் தொறந்து சொல்லணும். புரியுதா?" என்றபோது அவர் குரல் முன்பு போல் இல்லை.

அன்றே விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். திரும்பும் பஸ்ஸில் மகள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்து ஊர்ப் பெண் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் அடுத்த சாப்பாடு. பத்தொன்பது மணி நேரம். அப்படி எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

மகள் ஆசிரியை ஆனாள், தலைமையாசிரியை ஆனாள், ஓய்வும் பெற்றுவிட்டாள். அந்த அதிகாரியை மறுபடி பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பெண்ணை மட்டும் கோயில் விசேஷங்களில் பார்க்கிறேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். போன முறை, "உங்க பொண்ணு ரிடையர் ஆயிடுச்சாமே மாமா" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஆமாம்மா என்றேன். இவளும் என் மகளைப் போலவே படிக்கத்தான் போனாள், இவள் செருப்பு மாட்டிய இடத்தில் யாரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று நினைத்தபோது, அன்று பொழுது சாய்வதற்குள் வைத்த சோறு எனக்கு இறங்கவில்லை.