கருவிக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

பெரம்பலூரில் பஸ் ஏறும்போது எனக்கு இரண்டு பயம். கைக்குழந்தையை முதன்முறையாக நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அது ஒன்று. கைப்பையில் இருந்த கருவி, அரியலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா முன்னால் மானத்தை வாங்கிவிடுமோ என்பது இன்னொன்று.

நான் இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பவள். தீப்பெட்டி அளவுக் கருவி அது. நோயாளியின் மணிக்கட்டில் கட்டினால் நாடித் துடிப்பைப் புற ஊதா ஒளியாக மேலே அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை மேலே மாட்டிய ரிசீவர் பிடித்துத் திரையில் காட்டும். வயர் கிடையாது. ரேடியோ அலை இல்லாததால் வார்டில் உள்ள மற்ற மெஷின்களுக்குத் தொந்தரவு இல்லை. ஒளி கெடுதல் செய்யாத அளவுதானா என்று அளந்து, சந்தேகப்பட்டு மறுபடி அளந்தேன். அப்படியும் குழந்தையை அதன் பக்கத்தில் விட்டதில்லை. டாக்டரம்மா சரி என்றால் வார்டுக்குப் போகும். இல்லையென்றால் அலமாரிக்கு.

நோயாளியாகப் படுக்க என் கணவர் லீவு போட்டு வந்திருந்தார். அவர் கையில் கட்டி ஸ்விட்சைப் போட்டேன். திரையில் நேர்கோடு.

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏம்மா, சார் இருக்காரா, போயிட்டாரா?"

"இருக்கேன் மேடம். காலையில ஆறு இட்லி சாப்ட்டேன்."

"நேத்து நல்லா வேலை செஞ்சுது மேடம்," என்றேன். என் மாணவர்கள் என்னிடம் சொல்லும் அதே வாக்கியம். பேட்டரியை மாற்றினேன். ரிசீவரைக் கழற்றி மாட்டினேன். கோடு அசையவில்லை.

போன் கூவியது. நாத்தனார் குழந்தையின் படம் அனுப்பியிருந்தார். கன்னத்தில் கொழுக்கட்டை மாதிரி ஒரு மைப் பொட்டு. கருவியைப் பார்த்தேன். ஒளி வெளியே வரும் சின்னக் கண்ணாடி மேல் அதே பொட்டு. நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, என் மெஷினுக்கு மை வெச்சீங்களா?"

"ஆமா. டாக்டருங்கள்லாம் உத்து உத்துப் பாப்பாங்கன்னு நீதானே சொன்ன? கண்ணு பட்டுடாது? புள்ளைக்கு வெச்ச கையோட அதுக்கும் ஒண்ணு இழுத்துட்டேன்."

முந்தானையால் துடைத்தேன். கோடு துள்ளியது.

"என்ன சார், இவ்ளோ வேகமா அடிக்குது?"

"எங்க அக்காவுக்கும் இவளுக்கும் நடுவுல இருக்கேன் மேடம்."

சிரித்து முடித்ததும் டாக்டரம்மா சொன்னார்: "நாளைக்கு இது மேல போர்வை விழுந்தாலும் இப்படித்தானே கோடு போடும்? ஒளி மறைஞ்சுதா, துடிப்பு நின்னுச்சான்னு பிரிச்சுச் சொல்லணும். செஞ்சு கொண்டாங்க, வார்டுல வெப்போம்."

இப்போது ஒளி மறைந்தால் திரை நேர்கோடு போடாது. 'ஒளி வரவில்லை' என்று எழுதிக் கூப்பாடு போடும். அதைச் சோதித்ததெல்லாம் குழந்தையின் மை டப்பாவை வைத்துத்தான்.

வார்டுக்குக் கொண்டுபோகிற அன்று நாத்தனார் விரலில் மையோடு நின்றார். "கண்ணாடியில வேணாம், கையில கட்டுற பட்டையில வெச்சுக்குங்க அண்ணி," என்று கருவியை நானே நீட்டினேன்.

பஸ் கிளம்பிய பிறகு, பொட்டு கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டதோ என்று தோன்றியது.