ஆனியில் போட்ட கையெழுத்து

என் தங்கை மகள் ஜெர்மனியில் வேலைக்குப் போக விண்ணப்பித்தபோது, படிவத்தில் தேதிகளை நிரப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. பள்ளி முடித்ததிலிருந்து தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். குடும்பத்தில் யாருக்கு எப்போது பல் முளைத்தது என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

மருமகள் மெக்கானிக்கல் டிப்ளமா. செய்யாறு பக்கம் ஒரு தொழிற்சாலையில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறாள். போவதற்கு மூன்று வழிகள் தெரிந்தன. படிப்பை அங்கே அங்கீகரிக்கச் செய்யலாம், மாதக்கணக்கில் ஆகும். புள்ளிகள் சேர்த்து, போய் வேலை தேடலாம். அவளுக்குப் புள்ளி போதவில்லை. கையில் வேலை இருந்தால் இரண்டு வருட அனுபவத்தைக் காட்டியும் போகலாம். அக்டோபர் முதல் தேதிக்குள் வரச்சொல்லி ஒரு ஜெர்மன் கம்பெனி கடிதம் அனுப்பியிருந்ததால் மூன்றாவதையே பிடித்தோம்.

சென்னையில் விசா நேர்காணலுக்கு ஆனி கடைசி நாளில் இடம் கிடைத்தது. ஆடி பிறக்குமுன் முடிந்துவிடும் என்று தங்கைக்குப் பரம திருப்தி.

செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களின் விசா நீட்டிப்பெல்லாம் அங்கேதான் நடக்கும். கடைக்காரர் எங்கள் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சார், வேலைல சேந்ததுக்கு செய்யாறு கம்பெனி லெட்டர்ல ஒரு தேதி, நீங்க எழுதினது ஒரு தேதி. பத்து நாள் ஜாஸ்தி போட்டிருக்கீங்க. லெட்டர் பிரகாரம் பாத்தா, இண்டர்வியூ அன்னிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு வாரம் கம்மி."

"லெட்டர்தான் தப்பு. என் நோட்டில் இருக்கிறது" என்றேன்.

வீட்டுக்குப் போய் இரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தேன். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை: 'மருமகள் வேலையில் சேர்ந்தாள்.' தங்கை முகம் மலர்ந்தது.

"பாத்தியா? அண்ணன் நோட்டுல இருக்குது. கம்பெனிக்காரனை மாத்திக் குடுக்கச் சொல்லு."

"அடுத்த வரியையும் படிங்க மாமா" என்றாள் மருமகள்.

படித்தேன். 'ரிஜிஸ்டரில் கையெழுத்து, கேண்டீனில் டீ, நாலு மணி பஸ்ஸில் திரும்பினாள். ஆடியில்தான் வேலை ஆரம்பம்.'

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று தங்கைதான், மேனேஜரிடம் கெஞ்சி, முன்கூட்டியே நல்ல நாளில் கையெழுத்துப் போட வைத்தாள். நான் முதல் வரியை மட்டும் பார்த்துப் படிவத்தில் எழுதிவிட்டேன்.

"அன்னிக்கு நான் மெஷினையே பாக்கலம்மா. டீ குடிச்சதெல்லாம் அனுபவத்துல சேருமா?" என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்றே அந்த நேர்காணலை ரத்து செய்துவிட்டு, வேறு நாள் தேடிப் போனும் கையுமாக உட்கார்ந்தாள். அடுத்த இடம் அக்டோபருக்குப் பிறகு என்றால் வேலை போய்விடும்.

ஐந்தாம் நாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு இடம் சிக்கியது. ஆடி பத்தொன்பது.

"பதினெட்டுல கெடச்சிருக்கக் கூடாதா? ஆடிப் பெருக்காச்சே" என்றாள் தங்கை.

"எம்பஸில போய் பஞ்சாங்கம் காட்டட்டுமாம்மா?"

"வாயி மட்டும் ஜாஸ்தி. அண்ணா, பரஸ்தானம் வெச்சிடலாம்."

புறப்படும் நாள் சரியில்லை என்றால், முந்தைய நல்ல நாளிலேயே சாமான் ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பதினெட்டாம் நாள் காலை, கீழ்பென்னாத்தூரில் தங்கை வீட்டிலிருந்து மருமகளின் ஃபைல் மட்டும் தங்கையின் மடியில் பஸ் ஏறி, என் வீட்டு மேஜைக்கு வந்தது. மறுநாள் விடியற்காலை மருமகள் வந்து, ஒரு இட்லி தின்றுவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு சென்னை பஸ் பிடித்தாள்.

ஆவணி முடிவதற்குள் பாஸ்போர்ட் விசாவோடு திரும்பி வந்தது. விமான டிக்கெட்டுக்குத் தங்கை நல்ல நாள் குறித்துக்கொண்டிருந்தபோது நான் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆடிப் பெருக்கன்று இரண்டு செய்தியையும் ஒரே வரியில்தான் எழுதியிருந்தேன்: 'ஃபைல் இன்று புறப்பட்டது, ஆள் நாளை.'