கடலையளவு முகம்

நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். ஓரடி உயரத்தில் எழுத்துப் போட்டுத்தான் கைக்குப் பழக்கம். அப்படிப்பட்டவனிடம் கடலைக்கொட்டை அளவு தலையொன்றைத் தந்து "மூஞ்சி கீறு மச்சான்" என்று வரையச் சொன்னால் கோபம் வராதா? வந்தது. "போடா விசரா" என்றுதான் முதலில் சொன்னேன்.

கேட்டவன் காத்தான்குடியில் புடவைக் கடைக்காரர் ஒருவரின் மகன். கடைக்குப் பலகை எழுதப் போன இடத்தில் சிநேகம் பிடித்தது. அவனுடைய சின்ன வாப்பா சவூதியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு டிரைவராக இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் கழித்துவிட்ட சாமான்களோடு ஒரு பெட்டியும் வந்திருந்தது. உள்ளே ஆள்காட்டி விரல் உயரத்தில் ஒரு போர்வீரன், சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில். கையில் வாள், முதுகில் நீள அங்கி, காலடியில் ஒரு டிராகன். இல்லாத உலகத்து ஆள். இப்படிப்பட்டவர்களுக்கு நாமே நிறம் பூசி, மேசையில் நிறுத்தி, தாயம் உருட்டிச் சண்டை பிடிக்க வைப்பது ஒரு விளையாட்டாம். அந்தக் காலத்து மட்டக்களப்பில் சண்டைக்கு என்ன பஞ்சம்!

பூசி முடித்தால் எப்படி இருக்கும் என்று பெட்டியில் படம் இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதே மாதிரி பூசி முடிக்காமல் விடமாட்டேன் என்று நின்றான்.

சிக்கல் அவனுடைய உம்மாவிடம் இருந்தது. வீட்டுக்குள் உருவம் கூடாது, முகத்தோடு கூடவே கூடாது. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுதான் என்னோடு கதைப்பா. ஒரு நாளும் முன்னுக்கு வந்ததில்லை. "தலையில்லாம எண்டா கிடக்கட்டும் மனே. முகம் இருக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க," என்றா. வானவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

"காலடியில கிடக்கிறதுக்கும் முகம் இருக்கே உம்மா?" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"அது ஓணான்தானே," என்று சீலைக்குள்ளிருந்து பதில் வந்தது.

நல்ல காலம், தலை தனித் துண்டாக, ஒட்டுவதற்கென்றே வந்திருந்தது. உடலை அவன் தன் வீட்டில் பூசுவது, தலையை நாவற்குடாவில் என் வீட்டில் நான் பூசுவது, முடிந்ததும் ஒட்டி என்னோடு வைத்துக்கொள்வது. இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

அவன் கை லேசுப்பட்ட கையில்லை. அங்கியின் மடிப்புக்குள் கடும் பச்சை, மேட்டில் இளம் பச்சை என்று நான் சொல்லாமலே பூசினான். நாள் முழுக்கச் சீலை விரித்துக் காட்டுகிறவனுக்கு மடிப்பில் நிழல் எங்கே விழும் என்று தெரியாதா? எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. என் பக்கத்தில் வேலை நகரவேயில்லை. நாலு தரம் கண் வைத்து, நாலு தரமும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். ஒன்றில் மாறுகண், மற்றதில் பேயறைந்த பார்வை.

"இனி உன்ட மூஞ்சியைத்தான் வைக்கப்போறன்," என்று ஒரு நாள் சலித்துச் சொன்னேன். அவன் புருவத்தைக் குறுக்கே பிளந்திருந்த தழும்பைத் தடவிக்கொண்டு சிரித்தான். சின்ன வயதில் கடைக் கதவுப் பலகை விழுந்த காயம். அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. "வெட்டையும் வெச்சிராத மச்சான். வீரன் எங்கயோ வாங்கிக் கட்டினவன் எண்டு நினைப்பாங்க."

அதுக்கு மறுகாதான், இரண்டு ஊருக்கும் பகை மூண்டு, பாதை மூடுபட்டது.

அவர்கள் வீடு சைக்கிளில் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்தைப் போக ஒன்றரை வருசம் எடுக்குமென்று யார் கண்டது? தமிழன் அங்கால போனால் திரும்பமாட்டான், முஸ்லிம் இஞ்சால வந்தால் அவனும் திரும்பமாட்டான். பாங்குச் சத்தம் மட்டும் காற்றைப் பொறுத்து வந்தது. அதை எந்தச் சென்றிக் காவலிலும் மறிக்க முடியாதே. கடிதம் எழுதினால் யாரிடம் கொடுத்தனுப்புவது? அகப்பட்டால் இரண்டு வீட்டுக்கும் ஆபத்து. தலையைப் பஞ்சில் சுற்றி, பிலிம் சுருள் வருகிற டப்பாவில் போட்டு, என் பிரஷ்களோடு வைத்திருந்தேன். சும்மா இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சும்மாதான் இருந்தேன்.

பாதை திறந்த கிழமையே போனேன். டப்பா, ஒற்றைமயிர்ப் பிரஷ், நாலு சின்னப் போத்தல் எனாமல், பசை எல்லாம் பையில். இரண்டு பேருமாய் இருந்து இன்றைக்கே முடித்துவிடலாம் என்று நினைப்பு. சென்றியில் டப்பாவைத் திறந்து பார்த்த ஆமிக்காரன் சிரித்துவிட்டுப் போகவிட்டான்.

கதவைத் திறந்தது உம்மா. சீலைக்கு இந்தப் பக்கம் நின்றா. அன்றுதான் அவ முகத்தை முதல் தரமாகப் பார்த்தேன். பார்த்ததுமே விளங்கிவிட்டது.

பாதை மூடிய முதல் கிழமை, அவன் கல்முனையில் துணி எடுத்துக்கொண்டு வந்த வேன் வீடு வந்து சேரவில்லை. மறித்து இறக்கியவர்கள் எங்கட ஆக்கள். எங்களுக்காகத்தான் துவக்குத் தூக்கினோம் என்று சொல்கிறவர்கள். அடக்கம் பண்ண மையத்துக்கூடக் கிடைக்கவில்லை. ஒன்றரை வருசமாய் இல்லாதவனுக்காகத்தான் நான் அந்தத் தலையைப் பஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறேன். உம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தா. வீரனின் உடல் முழுதும் பூசி முடிந்திருந்தது. பெட்டிப் படத்தைவிட வடிவு. கழுத்தில் மட்டும் ஒரு ஓட்டை.

"அவன்ட படம் ஒண்டும் இந்த ஊட்டுல இல்ல மனே. ஐடென்டிகாட்டுல இருந்தது அவனோட போயிற்று. பள்ளிக்கூடத்துப் படத்துல முன்னுக்கு நிண்டவன் மறைச்சிப்போட்டான். படம் வேணாம் எண்டு சொன்னதும் நான்தானே." டின்னை என் பக்கம் தள்ளினா. "அவன்ட முகத்தக் கீறித் தா. ஊட்டுல வெக்கமாட்டன். ஒருக்காப் பாத்துட்டுத் தந்திருவன். நீ கொண்டு போ."

கடலையளவு பிளாஸ்டிக்கில் யாருடைய முகமும் வராது என்று எனக்குத் தெரியாதா? என்றாலும் டப்பாவைத் திறந்தேன். தலையைக் கழுத்தில் ஒட்டி, நிறம் கலந்தேன். மண்ணிறம், கொஞ்சம் மஞ்சள், ஒரு பொட்டு வெள்ளை. அது அவன் நிறம்தான். என்ன அதிசயமோ, கண் இரண்டும் முதல் தரத்திலேயே நேராக வந்தன. உம்மா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தா. புருவம் இரண்டையும் வைத்தேன். இனி அந்த வெட்டு மட்டும்தான். வைத்தால் அவன், வைக்காவிட்டால் யாரோ ஒருவன்.

இடமா, வலமா?

எத்தனை நாள் அவன் முன்னுக்கு இருந்து கதைத்திருக்கிறேன்! நினைத்துப் பார்க்கிறேன். சிரிக்கிறான், தழும்பைத் தடவுகிறான். எந்தக் கையால் என்று தெரியவில்லை. "உம்மா, வெட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"நான் பெத்த புள்ள மனே. எனக்குத் தெரியாதா," என்றா. கையை நீட்டி, அந்நிய ஆம்பிளை என்றும் பாராமல், என் இடது புருவத்தில் விரலை வைத்தா. "இஞ்ச." பிறகு அந்த விரல் மெல்ல வலது புருவத்துக்குப் போனது. திரும்பவும் இடதுக்கு வந்து, அங்கேயும் நிற்கவில்லை.