விஸ்துலாவில் குறைந்த தண்ணீர்

தனுத்தா பதினோரு வருஷம் கிராக்கவ் நகரத்து டிராம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவள். ஒரு வண்டி நின்றால் அடுத்ததை வேறு தடத்தில் திருப்பிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். நாற்பது வயதில் மாலை வகுப்பில் நிரல் எழுதப் படித்து, கணினி மையம் ஒன்றில் சேர்ந்தாள். விஸ்துலா நதியின் வெள்ளத்தை முன்கூட்டியே கணக்கிடுவது அங்கே வேலை. கணக்குக்காக ஆற்றை நாற்பது துண்டாக்கி மூன்று நகரத்துக் கணினிகளில் ஓடவிடுவார்கள். ஒரு துண்டு படுத்தால் மொத்தமும் படுத்துவிடும் என்பதால், ஆட்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள்.

"நாம முறைச்சுப் பார்த்தா மெஷின் பயந்து ஓடுமா?" என்றவள், கணக்கு ஓடும்போதே அதைக் கவனித்துத் தானே சரிசெய்யும் நிரல் ஒன்றை இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினாள். தலைவர் லேஷெக் அதற்கு வைத்த பெயர் 'மாமியார்'.

அந்த மே மாதம் நான்கு நாள் விடாத மழை. காலை பத்து மணிக்கு, யாரும் சொல்லாமலே மாமியார் பதினேழாம் துண்டின் கணக்கை நிறுத்தியது. லேஷெக் ஓடிவந்தார்.

"என்னம்மா இது! நல்லா ஓடிட்டிருந்ததை நிறுத்திடுச்சே. ரெண்டு மணிக்குத் தீயணைப்புக்காரங்களுக்குக் கணக்கு போகணும். அதை அணைச்சுட்டு கையால ஓட்டு."

"ஓடுச்சுதான் சார். ஆனா உள்ள வந்த தண்ணியப் பாருங்க, வெளிய போனதைப் பாருங்க, நடுவுல நிக்கிறதையும் சேர்த்துக்கங்க. அப்பவும் குறையுது. மிச்சத்தை யார் குடிச்சா?"

லேஷெக் பார்த்தார். வடக்கு நகரத்து மையத்தில் ஒரு இயந்திரம் பழுதாகி, மளமளவென்று தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"இப்ப என்ன செய்யறது?"

"நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். அதுவே செய்யுது."

கடைசியாகச் சேமித்த சரியான நிலையை எடுத்து, சும்மா கிடந்த வேறோர் இயந்திரத்தில் ஏற்றி, பக்கத்துத் துண்டுகளைக் காத்திருக்க வைத்திருந்தது நிரல். தனுத்தா அது எழுதிவைத்த பதிவுகளை வரிவரியாகப் படித்தாள். அதன் இடத்தில் தான் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்போம் என்று தெரிந்ததும், டப்பாவைத் திறந்து முட்டைக்கோஸ் வைத்த கொழுக்கட்டையைத் தின்ன ஆரம்பித்தாள்.

"உன்னால எப்படிம்மா சாப்பிட முடியுது?"

"பசிக்குதே சார்."

ஒன்றே முக்காலுக்குக் கணக்கு முடிந்தது. காலையில் வந்திருந்த கணிப்பைவிட, கிழக்குக் கரையில் நாற்பது சென்டிமீட்டர் கூடுதலாக ஏறும் என்றது. தீயணைப்பு லாரிகள் மணல் மூட்டைகளுடன் அங்கே திரும்பின. மறுநாள் தண்ணீர் மூட்டைகளின் விளிம்புக்கு இரண்டு விரல்கடை கீழே வந்து நின்றது.

ஜூனில் வடக்கு மையத்தார் அந்த நிரலைக் கேட்டு ஆள் அனுப்பச் சொன்னார்கள்.

"உனக்குத் துணையா யாரை அனுப்பட்டும்?" என்றார் லேஷெக்.

"எதுக்கு சார்? அதான் மாமியார் இருக்கே. எனக்கு டிக்கெட் மட்டும் போடுங்க" என்றாள் தனுத்தா.