அபிதகுஜாம்பாள் வீடு எங்கே?

வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். ஹஃபீசாவோ முதலில் தெருவைத் தட்டிப் பார்ப்பாள். இல்லாத ஒருவர் பெயரைச் சொல்லி வழி கேட்டு, யார் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று கவனிப்பாள். பைத்தியக்கார வேலைதான். ஆனால் அவளுக்குக் காரணம் இருந்தது.

போன வருஷம் பல்லாவரத்தில், கணவன் காஜா சிறுசேரிக்கு ஏசி மெக்கானிக் வேலைக்குப் போயிருந்தபோது, குழந்தை ஃபைஸுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. எதிர்வீடு, பக்கத்து வீடு என்று கதவைத் தட்டினாள். உள்ளே டிவி ஓடியது, கதவு திறக்கவில்லை. ரோட்டில் போன ஓர் ஆட்டோக்காரர் புண்ணியத்தில் பிள்ளை பிழைத்தான். அந்தப் பயம் மட்டும் அவளை விட்டுப் போகவேயில்லை.

இப்போது வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். காஜா மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டின் மேல் ஆசை வைத்துவிட்டான். லிஃப்ட், பளபளவென்று தரை, வேலைக்கும் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. அங்கே ஹஃபீசா இல்லாத ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தபோது, "அப்படி யாரும் இல்லம்மா" என்று செக்யூரிட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார். லிஃப்ட்டில் வந்தவர்கள் தலைக்கு மேல் மாறும் மாடி நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சனிக்கிழமை, புரோக்கர் சொன்ன ஒரு பழைய வீட்டைப் பார்க்கச் சேலையூருக்குப் போனாள். யாருக்குமே இருக்க முடியாத பெயராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த தசரதனிடம்தான் முதலில் கேட்டாள்.

"அண்ணா, இங்க அபிதகுஜாம்பாள் வீடு எங்க?"

"இன்னா பேரும்மா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

சொன்னாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "புச்சா கீதே பேரு. இரு, கேட்டுடலாம்." வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவளோடு நடந்தார். வழியில் பூக்கார அஞ்சம்மாள் சேர்ந்துகொண்டாள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மெட்டில்டா டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியே வந்துவிட்டாள். ஹஃபீசா நழுவப் பார்த்தாள். "பரவால்லண்ணா, நானே பாத்துக்கறேன்" என்றால் யார் விட்டார்கள்?

"பின் தெருவுல குஜா மாமி இருக்காங்களே, அவங்க முழுப் பேரா இருக்குமோ?" என்றாள் மெட்டில்டா.

அதேதான். கதவைத் திறந்த மாமி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். "நான்தான் அபிதகுஜாம்பாள். நீ யாரும்மா?"

ஹஃபீசா திருதிருவென்று விழித்தாள். பொய் வரவில்லை. ஃபைஸின் வலிப்பு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வெட்கத்தில் அழுகையும் வந்தது.

"பேஜார் புடிச்ச பொண்ணா கீதே! இதுக்காம்மா இம்மாந்தூரம் இஸ்துகினு வந்த?" என்று தசரதன் தலையில் அடித்துக்கொண்டார்.

மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னை முழுப் பேர் சொல்லி யாரும் தேடி வந்ததே இல்லை. உள்ள வா, காபி சாப்பிட்டுப் போ."

சாயங்காலம் காஜா கேட்டான்: "வீடு எப்டி கீது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "வீட்டப் பாக்கவே இல்ல மச்சான். ஆனா அங்கயே போயிடலாம்."

"பாக்காத வூட்டுக்கா? இன்னா, கழண்டுகிச்சா உனக்கு?" என்று கத்தினான். ஆனாலும் மேடவாக்கத்துக்கு அட்வான்ஸ் போகவில்லை.

குடிபோன சேலையூர் வீடு சுமார்தான். உப்புத் தண்ணீர், மழை வந்தால் சமையலறை ஒழுகும். காஜா இன்றைக்கும் பஸ் மாறிப் போகும்போதெல்லாம் முணுமுணுக்கிறான்.

அடுத்த வருஷம் ஒரு மதியம், கைக்குழந்தையோடு ஒரு பெண் கேட்டுக்கு வெளியே நின்றாள். "அக்கா, இங்க சுந்தரவல்லி வீடு எது?"

அந்தப் பெயரில் அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை என்பது ஹஃபீசாவுக்கு நன்றாகத் தெரியும். வந்தவளின் கண் தெருவைத் தேடவில்லை, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தது. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். ஃபைஸைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டினாள்.

"வாம்மா, தேடிப் பாத்துடலாம்."