வாசமில்லாத வேர்

கட்டைவிரல் நகத்தால் வேரின் தோலில் ஒரு கீறல், இரண்டு விரலால் ஒரு நசுக்கல், உடனே மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு முனகினாலும் சரி, கண்ணைத் திறக்கும்வரை வாயைத் திறக்க மாட்டாள். பிறகு, "ம், இது ஆகும்" என்பாள். ஆகாதது நேரே அடுப்புக்குப் போகும்.

தெருவில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள்; வயிற்றுவலி வந்ததும் அதையே மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். வேர் பார்க்கும் நாளில் சோப்புப் போட்டுக் குளிக்க மாட்டாள், வெங்காயத்தைத் தொட மாட்டாள். பவுடர் பூசிக்கொண்டு வரும் பெண்களை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "அங்கயே நில்லும்மா. உன் மணத்துக்கு நடுவுல என் வேர் பேசாது."

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. மலைச்சரிவில் அவள் தோண்டி வரும் வேர் இரண்டு வகை. ஒரே நிறம், ஒரே தடிமன். ஒன்று வயிற்றுப்புண்ணை ஆற்றும். மற்றது நாக்கை மரக்கச் செய்து, தூங்கவைத்து, மூச்சை மெல்ல நிறுத்திவிடும். நசுக்கினால் நல்லதற்கு ஒரு வாசம் வரும். கெட்டதற்கு வாசமே கிடையாது. அது எப்படிப்பட்ட வாசம் என்று, ஒரே வீட்டில் இருக்கும் கொழுந்தன் மனைவி, அவளுடைய ஓர்ப்படி, எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "மோந்து பாரு, தெரியும்" என்பதற்கு மேல் மூக்கக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் அவளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. இன்று காலை அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது. அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கொல்லையிலிருந்து ஓர்ப்படிதான் ஓடிவந்தாள்.

"என்னக்கா, தீஞ்ச நாத்தம் தெருக்கோடி வரைக்கும் அடிக்குது, நீ மரமாட்டம் நிக்கிற?"

மூக்கக்கா கூடையிலிருந்து ஒரு வேரை எடுத்து நசுக்கினாள். வாசமில்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. கூடையில் இருந்த அத்தனையும் கெட்ட வேராகிவிட்டன.

"நீ மோந்து சொல்லுடி."

"மண்ணு வாசம் வருதுக்கா."

"வேரோட வாசமா, வேர்ல ஒட்டுன மண்ணோட வாசமா?"

ஓர்ப்படி வேரை மறுபடியும் மோந்துவிட்டுக் கூடையிலேயே போட்டாள். அப்போதுதான் மூக்கக்காவுக்கு நேற்றைய சாயங்காலம் நினைவுக்கு வந்தது. வயிற்றுவலிக்கு மருந்து கேட்டு வந்த அதே தெரு பஸ் டிரைவர் என்னவோ வேடிக்கையாகச் சொல்ல, சிரித்துக்கொண்டே வேரை முகர்ந்து, இடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கை பழக்கத்தில் மூக்குக்குப் போயிருக்கிறது. கண்ணை மூடவில்லை. வாசம் வந்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

செருப்புக்கூடப் போடாமல் அவன் வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே ஓர்ப்படியும் ஓடினாள். இரவு பஸ் ஓட்டிவிட்டு வந்த டிரைவர், பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். காலி டம்ளர் தரையில் கிடந்தது.

"தம்பி, நாக்கு மரத்த மாதிரி இருக்கா?"

"இல்லையே. கண்ணுதான் சொக்குது. ராத்திரி பூரா ஓட்டினேன்ல."

"தூங்காதப்பா! என் மூக்கு செத்துப்போச்சு. உனக்கு என்னத்தக் குடுத்தேன்னு எனக்கே தெரியல. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அவன் சிரித்தான். "உன் மூக்கா? ஊரே செத்தாலும் அது சாகாதுக்கா."

வண்டி பிடித்துவர ஓர்ப்படி தெருமுனைக்கு ஓடினாள். மூக்கக்கா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அஞ்சு நிமிஷம்க்கா" என்று குழறினான். கண் விழித்து வண்டி ஓட்டியவனின் தூக்கமா, வேர் கொடுத்த தூக்கமா? அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவன் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

வண்டிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. அவள் குனிந்து அவன் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்தாள். சூடாக மூச்சு பட்டது. விரலை எடுக்காமல், அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.